பட்டம் கேட்ட வாயிலும் படிக்கட்டு அமைத்த மக்களும்

ஒரு கல்விச் சங்கம் தன் இருபத்தைந்தாம் ஆண்டினைக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு சொல்லைப் பற்றி எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். ‘தகுதி’ என்பதே அச்சொல். மருத்துவக் கல்லூரியின் வாயிலில் நம் பிள்ளைகள் போய் நிற்கும்பொழுதெல்லாம் இச்சொல் அவர்கள் முன் நீட்டப்படுகிறது. தகுதி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. நோயாளியின் உயிர் மருத்துவரின் கையில் இருக்கிறது. அந்தக் கை தேர்ந்த கையாக இருத்தல் வேண்டும். ஆயினும், தகுதியின் அளவு உயர்த்தப்படும் பொழுது, அந்த உயரத்தை எட்டுவதற்குரிய படிக்கட்டு யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இக்கேள்விக்கு விடை காண நாம் அமெரிக்க நாட்டின் வரலாற்றைப் புரட்டுகிறோம். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களையே மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வது என்னும் முறை அந்நாட்டில்தான் உறுதியாக வேரூன்றியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அம்முறையின் முன்னே பட்ட பாடு நமக்கு அயலார் கதை அன்று. மகாத்மா சோதிபா பூலே 1873 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்தின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1946 இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வுறவின் வழியில் நின்றே இவ்வரலாற்றை நாம் காண்கிறோம்.

பட்டம் கேட்கப்படாத காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பல இடங்களில் பள்ளிப் படிப்பை முடித்திருக்கவும் வேண்டியதில்லை. கட்டணம் செலுத்த வல்லவர் எவரும் சேரலாம். சில மாதங்கள் சொற்பொழிவு கேட்பது, மறு ஆண்டு அதே சொற்பொழிவுகளை மீண்டும் கேட்பது, பின்னர் மருத்துவர் என்னும் பெயருடன் வெளியேறுவது என்பதே பல கல்லூரிகளின் நடைமுறை. ஆசிரியர்களின் வருவாய் மாணவர் கட்டணத்திலிருந்து வந்தமையால், மாணவரைத் திருப்பி அனுப்ப அவர்கள் விரும்பவில்லை. 1869 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட், மருத்துவ மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைக்க வேண்டும் என்றபோது, மாணவர்களுள் பாதிப்பேருக்கு மேல் ஒழுங்காக எழுதத் தெரியாதே என்று அங்கிருந்த அறுவை மருத்துவப் பேராசிரியர் ஒருவரே தடை கூறினார்.

இத்துணைத் தளர்ந்திருந்த வாயிலும் கறுப்பினத்தவருக்கு எளிதில் திறக்கவில்லை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்த ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித் என்பவர் அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்டுக் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்றார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1835 இல் இளங்கலைப் பட்டமும், 1836 இல் முதுகலைப் பட்டமும், 1837 இல் மருத்துவப் பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. வெள்ளை மாணவரிடம் எழுத்தறிவைக்கூட வற்புறுத்தாத நாட்டில், மூன்று பட்டங்கள் பெறத்தக்க அறிவுடைய ஒருவருக்கு இடமில்லாமற் போயிற்று. அன்று அவரைத் தடுத்தது தகுதிக் குறைவு அன்று, நிறமே.

பால்டிமோரில் எழுந்த புதிய வாயில்

1873 இல் மறைந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்னும் வணிகர், 70 இலட்சம் டாலரைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் மருத்துவமனை ஒன்றுக்குமாகப் பகிர்ந்து எழுதி வைத்தார். மருத்துவமனை ஏழை நோயாளிகளை நிறம் பாராது ஏற்க வேண்டும் என்றும் தம் அறங்காவலர்களுக்கு எழுதினார். பால்டிமோர் நகரில் 1889 இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் போதவில்லை. அப்பொழுது மேரி எலிசபெத் காரெட் என்னும் பெருமாட்டியார் ஏறத்தாழ 3 இலட்சம் டாலர் வழங்க முன்வந்தார். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். ஆண்களுக்குரிய அதே நிலையில் பெண்களையும் சேர்க்க வேண்டும். சேர்க்கைக்குரிய கல்வித் தகுதி மிக உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

அவ்வாறே 1893 ஆம் ஆண்டு அக்கல்லூரி தொடங்கியபோது, கல்லூரிப் பட்டமும், அறிவியல் பயிற்சியும், பிரெஞ்சு, செருமன் மொழிகளைப் படித்துணரும் ஆற்றலும் உடையவர்களே சேரலாம் என்று விதிக்கப்பட்டது. முதல் வகுப்பில் சேர்ந்தோர் 18 பேர். அவர்களுள் மூவர் பெண்கள். இக்கல்லூரியில் ஆசிரியராக நுழைந்தது நம் நற்பேறு, மாணவராக நுழைய நமக்குத் தகுதி இருந்திராது என்று பேராசிரியர் ஆஸ்லர் தம் நண்பர் வெல்ச்சிடம் நகைச்சுவையாகக் கூறினார் என்பர். 1901 ஆம் ஆண்டளவில் ஹார்வர்டும் பட்டத்தைக் கட்டாயமாக்கிற்று.

இங்கு நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பெண்களுக்காக வாதாட ஒரு பெருமாட்டியாரும் அவர்தம் செல்வமும் இருந்தமையால், உயர்ந்த தகுதியும் திறந்த கதவும் ஒருங்கே வந்தன. கறுப்பினத்தவருக்காக அத்தகைய நிபந்தனை விதிப்பார் ஒருவரும் இலர். நிறம் பாராது நோயாளியை ஏற்க வேண்டும் என்ற வணிகரின் பெயரைத் தாங்கிய அக்கல்லூரியிலிருந்து முதல் கறுப்பின மாணவர் இருவர் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தது 1967 ஆம் ஆண்டில்தான். கல்லூரி தொடங்கி அதற்குள் 74 ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஓர் அறிக்கையும் அதன் விளைவும்

ஹாப்கின்ஸ் முறையை நாடு முழுவதற்கும் அளவுகோலாக்கியது 1910 இல் வெளிவந்த ஓர் அறிக்கையாகும். கார்னகி அறக்கட்டளைக்காக அதனை எழுதியவர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். அவர் மருத்துவர் அல்லர். பள்ளி நடத்திய ஆசிரியர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த அவர், 31 கல்லூரிகள் போதும் என்றார். குறைந்தது ஈராண்டுக் கல்லூரிப் படிப்பும், வேதியியல், இயற்பியல், உயிரியல் பயிற்சியும் இல்லாதவரைச் சேர்த்தல் கூடாது என்றார். ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரிகளையும், நோயாளியே இல்லாத மருத்துவமனைகளையும் அவர் பெயர் சொல்லிக் கண்டித்தார். அவர் கூறியவற்றுள் பெரும்பகுதி உண்மையே. இலாபத்துக்காக நடந்த பல கல்லூரிகள் மூடப்பட்டதால் மக்கள் நன்மையே அடைந்தனர். இதனை நாம் மறுத்தல் நேர்மையாகாது.

ஆனால் அந்த அறிக்கையில் கறுப்பினத்தவரின் மருத்துவக் கல்வி பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. ஏறத்தாழ இரண்டே பக்கங்கள். கறுப்பின மக்களின் நோய் வெள்ளையரையும் தொற்றும் ஆதலால் அவர்களுக்கு மருத்துவர் தேவை என்பது அதன் வாதங்களுள் ஒன்று. கறுப்பின மருத்துவர்களுக்கு அறுவை மருத்துவத்தைவிடச் சுகாதாரப் பயிற்சியே முதன்மையாக அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் அறிவுரை. அப்பொழுது கறுப்பினத்தவருக்கென இருந்த கல்லூரிகள் ஏழு. அவற்றுள் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு, நாஷ்வில் நகரத்தின் மெஹாரி ஆகிய இரண்டை மட்டும் வளர்த்தால் போதும் என்று ஃபிளெக்ஸ்னர் எழுதினார்.

எஞ்சிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. நாக்ஸ்வில் கல்லூரி 1910 இலும், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஃபிளிண்ட் கல்லூரி 1911 இலும், லூயிவில் கல்லூரி 1912 இலும், ராலே நகரத்தின் லெனார்டு கல்லூரி 1918 இலும், மெம்ஃபிஸ் நகரில் இருந்த மேற்கு டென்னசி பல்கலைக்கழகக் கல்லூரி 1923 இலும் மூடப்பட்டன. இவை வறிய கல்லூரிகள். இவற்றுட் சில முன்னரே தள்ளாடிக்கொண்டிருந்தன. ஆயினும், ஆய்வுக்கூடம் இல்லை என்று கூறி மூடியவர்கள், ஆய்வுக்கூடம் கட்டப் பணம் தந்திருக்கவும் கூடும் என்பதை எண்ண வேண்டும். பெருஞ்செல்வர்களின் கொடைகள் பெரும்பாலும் வெள்ளையர் கல்லூரிகளையே நாடிச் சென்றன.

அக்காலத்துத் தென் மாநிலங்களின் நிலையையும் நாம் அறிதல் வேண்டும். 1896 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறப்பிரிவினையைச் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. கறுப்பினச் சிறுவர் சிறுமியர்க்கு அரசு உயர்நிலைப் பள்ளிகள் மிக அரிதாகவே இருந்தன. கல்லூரிப் பட்டம் பெற்றவர் நாடு முழுவதிலும் சில ஆயிரம் பேரே. உயர்நிலைப் பள்ளியே இல்லாத ஊரில் பிறந்த இளைஞனிடம், கல்லூரிப் படிப்போடு வா என்று கூறுவது எத்தகைய செயல்? விதி அனைவர்க்கும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதை நிறைவு செய்யும் வழியோ ஒரு சாரார்க்கே திறந்திருந்தது.

இந்த இழப்பை அளந்தவர்களும் உளர். அந்த ஐந்து கல்லூரிகளும் மூடப்படாமல் நின்றிருந்தால் 2019 ஆம் ஆண்டுக்குள் எத்தனை மருத்துவர்கள் கூடுதலாக வெளிவந்திருப்பர் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 27,000 க்கும் 35,000 க்கும் இடைப்பட்ட மதிப்பு ஒன்றை அது தந்தது. இன்றும் அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினராக உள்ள கறுப்பினத்தவர், மருத்துவர்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினராகவே இருக்கின்றனர்.

இருவர் வாழ்க்கை

எண்களைக் காட்டிலும் மனிதர் வாழ்க்கை உண்மையைத் தெளிவாகக் காட்டும். சார்லஸ் ட்ரூ என்பவர் 1926 இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவம் பயிலப் பணம் இல்லாமையால், பால்டிமோர் நகரத்தின் மார்கன் கல்லூரியில் ஈராண்டுகள் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிப் பணம் சேர்த்தார். அதே நகரில் இருந்த ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் அவருடைய இனத்தார்க்கு இடம் இல்லை. தம் மக்களின் கல்லூரியாகிய ஹோவர்டும் ஆங்கிலப் பாடத்தில் தேவையான அளவு பயிலவில்லை என்று கூறி அவரை ஏற்க மறுத்தது. அவர் கனடா சென்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1933 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்க் குருதித் திரவத்தைச் சேமித்துக் காக்கும் முறையை ஆராய்ந்து, 1940 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். போரில் அடிபட்ட பிரித்தானிய மக்களுக்குக் குருதித் திரவம் அனுப்பும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். அவர் பின்னர் ஹோவர்டுக்கே திரும்பி, 1950 இல் விபத்தில் மறையும்வரை கறுப்பின அறுவை மருத்துவர்களை உருவாக்கினார். ஒருமுறை தம்மைத் திருப்பி அனுப்பிய வாயிலையே அவர் பிறருக்குத் திறந்து வைத்தார்.

மற்றொருவர் விவியன் தாமஸ். ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வெளிவந்த அதே 1910 இல் பிறந்தவர். நாஷ்வில் நகரில் பள்ளிப் படிப்பை முடித்துத் தச்சு வேலை செய்தவாறு, கல்லூரிக்கும் மருத்துவப் படிப்புக்குமாகப் பணம் சேர்த்து வந்தார். 1930 இல் வங்கி முறிந்து அச்சேமிப்பு முழுவதும் அழிந்தது. அவ்வாண்டில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் செய்தது ஆராய்ச்சிப் பணி. ஊதியப் பட்டியலிலோ அவர் துப்புரவுப் பணியாளர். 1941 இல் பிளேலாக் ஹாப்கின்ஸுக்குச் சென்றபோது தாமசும் உடன் சென்றார். இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காக்கும் அறுவை முறையை ஆய்வுக்கூடத்தில் பலமுறை செய்து பார்த்துச் செப்பம் செய்தவர் அவரே. 1944 நவம்பர் 29 இல் அவ்வறுவை முதன்முதல் ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, பிளேலாக்கின் பின்னால் ஒரு படிமேடை மீது நின்று தாமஸ் வழி கூறினார்.

நாம் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பட்டம் இல்லாதவர் மாணவராகக்கூட நுழைய முடியாத கல்லூரியில், பட்டமே இல்லாத ஒருவர் பட்டதாரிகளுக்கு அறுவைத் திறன் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்கள் நாட்டின் பெரும் அறுவை மருத்துவர்களாயினர். 1976 இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கிற்று. அதுவும் சட்ட முனைவர் பட்டமே. மருத்துவர் என்னும் பெயர் அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. திறமை வேறு, திறமையைச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வழக்கு மன்றம் ஏறிய பட்டதாரிகள்

உரிமைப் போராட்டங்களின் பயனாக 1960 களின் இறுதியில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சில கறுப்பினத்தவர் முதலியோர்க்கு இடம் ஒதுக்கத் தொடங்கின. கலிபோர்னியாவின் டேவிஸ் நகர மருத்துவக் கல்லூரி 100 இடங்களுள் 16 இடங்களை இவ்வாறு ஒதுக்கியது. பொறியியல் பட்டதாரியாகிய ஆலன் பாக்கி என்னும் வெள்ளையர் 1973 இலும் 1974 இலும் விண்ணப்பித்து இடம் பெறாமையால் வழக்குத் தொடுத்தார். 1978 ஜூன் 28 இல் உச்ச நீதிமன்றம் 16 இட ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. எனினும் இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்றது. அந்தக் கூறும் 2023 ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நீங்கிற்று.

இதனைப் படிக்கும்பொழுது நம் மாநிலத்தின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. பாக்கி வழக்குக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை மாநிலத்தில் செண்பகம் துரைராஜன் என்னும் பட்டதாரிப் பெண்மணி மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்து வழக்குத் தொடுத்தார். வகுப்புவாரி ஆணை, ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்களை ஒடுக்கப்பட்ட நம் மக்களுக்கு வைத்திருந்தது. மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை. இருப்பினும் வழக்கு ஏற்கப்பட்டது. 1951 ஏப்ரல் 9 இல் எழுவர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அவ்வாண்டின் ஜூன் திங்களிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15 ஆவது பிரிவில் 4 ஆம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. நம் பிள்ளைகள் இன்று மருத்துவக் கல்லூரியில் பெறும் இடங்களுக்கு அந்த உட்பிரிவே அரண். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் கிட்டாத அரண் அது.

ஆயினும் அரண் இருப்பதனால் மட்டும் படிக்கட்டு அமைந்துவிடுவதில்லை. நம் நாட்டில் மருத்துவம் பயிலப் பட்டம் கேட்கப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு போதும். ஆனால் நுழைவுத் தேர்வும், அதற்குரிய செலவு மிக்க பயிற்சியும் இன்று புதிய வாயிலாக நிற்கின்றன. 2017 இல் 1200 க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து நம் சமுதாய மகள் ஒருத்தியை நாம் இழந்ததை மறத்தல் இயலுமா? 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தமை ஒரு படி. ஏனைய படிகள் நம் கையிலும் இருக்கின்றன.

நாம் கொள்ளத்தக்கது

வாயில் அடைக்கப்பட்டபோது கறுப்பின மக்கள் செய்தது என்ன? உரிமை கேட்டுப் போராடினர், அதோடு நின்றுவிடவில்லை. வெள்ளையர் மருத்துவச் சங்கங்கள் தம்மைச் சேர்க்காதபோது 1895 இல் தமக்கெனத் தேசிய மருத்துவச் சங்கத்தை நிறுவினர். எஞ்சிய ஹோவர்டையும் மெஹாரியையும் கண்ணெனக் காத்தனர். பல பத்தாண்டுகள் அந்நாட்டுக் கறுப்பின மருத்துவருள் பெரும்பகுதியினரை அவ்விரு கல்லூரிகளே உருவாக்கின. 1975 இல் அட்லாண்டா நகரில் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியையும் தோற்றுவித்தனர்.

இவற்றினும் நம் சங்கத்துக்கு அணுக்கமானது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சேவியர் பல்கலைக்கழகம் செய்த பணியாகும். 1911 இல் கறுப்பினத்தவரின் மருத்துவக் கல்லூரி மூடப்பட்ட அதே நகரம் அது. சேவியரில் மருத்துவக் கல்லூரி இல்லை; இளங்கலைப் படிப்பு இருந்தது. மருத்துவக் கல்லூரி பட்டதாரிகளைக் கேட்கிறது என்றால், அப்பட்டதாரிகளை நாம் உருவாக்குவோம் என்று அங்குள்ள ஆசிரியர்கள் முனைந்தனர். 1970 களிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே கோடை விடுமுறையில் அழைத்துக் கணிதமும் உயிரியலும் வேதியியலும் கற்பித்தனர். ஒருவரையொருவர் முந்தும் போட்டியாக அன்றி, குழுவாகக் கூடிப் படிக்கும் பழக்கத்தை ஊட்டினர். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பித்தனர். இதன் பயனாக, மருத்துவக் கல்லூரிகளுக்கு மிகுதியான கறுப்பினப் பட்டதாரிகளை அனுப்பும் நிறுவனமாகப் பல ஆண்டுகள் அச்சிறு பல்கலைக்கழகமே விளங்கியது. பின்னர்த் தனக்கென ஒரு மருத்துவக் கல்லூரி காணும் திட்டத்தையும் அது அறிவித்தது.

அண்ணல் அம்பேத்கர் 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் திறந்ததும் இதே எண்ணத்தினாலன்றோ? சட்டத்தில் உரிமையை எழுதிய கைகளே கல்லூரியையும் கட்டின. உரிமையும் படிக்கட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆதலின், இளைஞர்களே, தகுதி என்னும் சொல் உங்கள் முன் நீட்டப்படும்பொழுது தலை குனிய வேண்டா. அந்தத் தகுதியை ஈட்ட உழையுங்கள். அதனை ஈட்டும் வழி அனைவர்க்கும் திறந்துள்ளதா என்றும் உரத்துக் கேளுங்கள். நம்முள் பட்டம் பெற்றுவிட்டவர்கள், வாரத்தில் ஒரு மாலையையேனும் நம் சேரிப் பிள்ளைகளின் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் ஒதுக்குதல் கடமை. பெற்றோர், பெண் மக்களின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தாதிருத்தல் கடமை. சங்கம், பள்ளிப் பருவத்திலேயே ஆர்வமுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, கல்லூரி வாயில்வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் கடமை. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் இட்ட படிகள் சில. அடுத்த இருபத்தைந்தில் இட வேண்டியவை பல. அவற்றின் மேல் ஏறிச்செல்லும் நம் பிள்ளைகள், தமக்குப் பின் வருவோர்க்கும் ஒரு படியேனும் இட்டுச் செல்வாராக.